அறுபத்தொன்றாம் நாள் பயிற்சி

ஏழைகளுக்காகக் காசு வாங்காமல் வாதாடும் வக்கீல்களுக்கு நெய்வேலியில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். இரண்டாயிரத்து மூன்று, ஆனி மாசக் கடைசி. வந்த முப்பத்தெட்டு வக்கீல்களுக்கும் ஆளுக்கொரு பை. பைக்குள் எழுநூறு பக்கத்தில் குற்றவியல் சட்டம், ஒரு பேனா, ஒரு ஊறுகாய்ப் பொட்டலம். ஊறுகாய் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிய விருத்தாசலத்து வக்கீல் ஒருவர் அன்றிலிருந்து இடது பக்கம் சாய்ந்தே நடக்கிறார். சந்தேகம் உள்ளவர்கள் அந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு நாலு முறை கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாளில் எட்டு. எட்டும் இருந்தால் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர்கள் அடுத்த வருஷம் இலவச சட்ட உதவிப் பட்டியலில் இருப்பது சந்தேகம்.

மூன்றாவது வரிசையில் ஏஞ்சலின் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நாலு வயது. பதினோராம் பிளாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் மண் வெட்டும் எந்திரம் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஒன்பது வருஷமாக வக்கீல். மனு எழுதினால் கமாவைக்கூட யாரும் அசைக்க முடியாது. வாயைத் திறந்து பேச வேண்டும் என்றால்தான் கஷ்டம். அவள் குரல் முதல் பெஞ்சைத் தாண்டியதாகக் கோர்ட் வரலாற்றில் பதிவு இல்லை. ஒருமுறை அவள் அரை மணி நேரம் வாதாடி முடித்த பிறகு மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்து, "வாதத்தைத் தொடங்கலாமே" என்றார்.

அன்று காலை பயிற்சிக்கு வரும் வழியில் கோர்ட்டில் இறங்கி, ஹெட் கிளார்க் சிங்காரவேலுவிடம் ஒரு ஜாமீன் மனுவைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அய்யாசாமி என்ற கான்ட்ராக்ட் தொழிலாளிக்காக. மே மாசத்திலிருந்து அவன் கடலூர்ச் சிறையில் இருந்தான். சுரங்கத்திலிருந்து அறுநூறு கிலோ தாமிரக் கேபிளைத் தனி ஆளாகச் சைக்கிளில் வைத்துக் கடத்தினான் என்பது வழக்கு. சைக்கிளையும் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. அதற்கு கேரியர் கிடையாது.

முதலில் அமர்த்திய வக்கீல் ஒரு ஜாமீன் மனுப் போட்டு, அது தள்ளுபடியாகி, பிறகு ஆளே தென்படவில்லை. நாற்பதாம் நாள்தான் இலவச சட்ட உதவி வழியாக வழக்கு ஏஞ்சலினிடம் வந்தது. சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அய்யாசாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னான். பத்து வருஷம் முடித்த கான்ட்ராக்ட் ஆட்களைப் பட்டியல் எடுக்கிறார்கள். ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை கடைசி நாள். நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராதவன் பெயரை அடித்துவிடுவார்கள். பெர்மனன்ட் ஆகிற பாதை அதோடு மூடிக்கொள்ளும்.

"எனக்குப் பத்து வருசம் நாலு மாசம் ஆவுதுங்க. வெள்ளிக்கிழம அங்க நிக்கலன்னா, அப்புறம் வெளிய வந்தாலும் ஒண்ணுதாங்க, வராட்டியும் ஒண்ணுதாங்க."

அவன் மனைவி பட்டம்மாள் போன வாரம் வந்து, "சோத்த வாங்கி வச்சிக்கினு வெறிச்சிப் பாத்துக்கினே உக்காந்திருக்கிறாராம் வக்கீலம்மா. பக்கத்துல இருக்கறவரு சொல்லி அனுப்புனாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மண்டபத்தில் விழா தொடங்கியது. மேடையில் மாஜிஸ்திரேட். அவர் கழுத்தில் விழுந்த சால்வைகளைப் பார்த்தால் ஊட்டிக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தது. முன் வரிசையில் அரசு வக்கீல், அவருக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டருக்குப் பிற்பகலில்தான் வேலை, கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய மரியாதைகளைப் பற்றிப் பேச. வடை காலையிலேயே போடுகிறார்கள் என்று தெரிந்து காலையிலேயே வந்துவிட்டார்.

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து சக்கரபாணி வந்திருந்தார். நாற்பது வருஷம் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவர் வகுப்பில் தூங்கினவர்கள்கூடத் தூக்கத்தில் சட்டம் கற்றுக்கொண்டு எழுந்ததாகச் சொல்வார்கள்.

"ஒரு ஆளைப் பிடிச்சு உள்ள வச்சா, திருட்டு மாதிரி வழக்குல போலீஸுக்கு அறுபது நாள் டைம்," என்றார். "அதுக்குள்ள குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வரணும். வரலையா? அறுபத்தொண்ணாம் நாள் ஜாமீன் அவனோட உரிமை. யார் தயவும் வேணாம். ஆனா வாயைத் திறந்து கேக்கணும். போலீஸ் குற்றப்பத்திரிகை கொடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும். ஒரு நிமிஷம் பிந்தினா, போச்சு."

டம்ளரிலிருந்த தண்ணீரைக் குடித்துக் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"உங்க கையில இப்ப ஓடுற வழக்கு ஏதாவது இருக்கா? நாள் எண்ணிப் பார்ப்போம்."

ஒரு கை எழுந்தது. யாருடையது என்று ஏஞ்சலின் திரும்பிப் பார்த்தாள். அவளுடையதுதான்.

கரும்பலகைக்கு அழைத்தார். ஒரு தடவை சரியாகச் செய்த வேலையைச் சொல்வதில் என்ன பயம் என்று அவளும் போனாள். அய்யாசாமியின் பெயரை எழுதினாள். "மே பதினாறு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு மாஜிஸ்திரேட் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோய் ரிமாண்ட் பண்ணினாங்க. நேத்தோட அறுபது முடிஞ்சுது. இன்னிக்கு அறுபத்தொண்ணு. குற்றப்பத்திரிகை வரல. காலையில மனு கொடுத்துட்டேன்" என்றாள்.

சக்கரபாணியின் சாக்பீஸ் நின்றது.

"வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரைன்னா, அது சனிக்கிழமையாச்சேம்மா?"

"இல்ல சார். வெள்ளிக்கிழமைதான்."

"வெள்ளிக்கிழமைதான் சார்," என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்கள். எல்லாம் நெய்வேலி நகரியத்து வக்கீல்கள். "மூணாம் ஷிப்ட்!"

"இதென்ன கூத்து," என்றார் ஒரு சிதம்பரத்து வக்கீல். "பன்னெண்டு அடிச்சா மறுநாள்தானே?"

மற்ற ஊர்களில் அப்படித்தான். நெய்வேலியில் இரவு பத்து மணிக்கு வேலைக்குப் போனவன் காலை ஆறு மணிக்குத் திரும்பும்வரை தேதி மாறாது. ஷிப்ட் எந்தத் தேதியில் ஏறியதோ அந்தத் தேதிதான் ஆஜர்ப் பதிவேட்டில். நாற்பது வருஷமாக இதே கணக்கில் சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்ற ஊர். ஒன்பதாம் பிளாக்கில் ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்குச் செத்துப்போனார். முந்தின நாளிலிருந்து எண்ணித்தான் வீட்டார் கருமாதி வைத்தார்கள். வெளியூர்ச் சொந்தங்களெல்லாம் ஒரு நாள் தள்ளி வந்து சேர்ந்து, சோறு இல்லாமல் திரும்பினார்கள்.

ரிமாண்ட் தாளில் பதினேழாம் தேதி என்றுதான் போட்டிருந்தது. ஏஞ்சலின் அதைப் படித்தும் இருந்தாள். அய்யாசாமியை மூணாம் ஷிப்டிலிருந்து தூக்கினார்கள் என்று பட்டம்மாள் சொன்னதும், அப்பாவின் ஷிப்டுக்கு இருபது வருஷம் டிபன் கட்டிக் கொடுத்த மனசு தானாகவே ஒரு நாளைக் கழித்துக்கொண்டது.

சக்கரபாணி பலகையில் எண்ணி முடித்துக் கோடு போட்டார். "ஆக, இன்னிக்குத்தான் அறுபது. சாயங்காலம் கோர்ட் மூடுற வரைக்கும் போலீஸுக்கு டைம் இருக்கு. மேடம் ஒரு நாள் முந்திட்டாங்க. அருமையான உதாரணம். எல்லாரும் கை தட்டுங்க!"

முப்பத்தேழு பேர் தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் தட்டவில்லை. பாதி கடித்த வடையைத் தட்டில் வைத்தார். கைத்தட்டல் ஓய்ந்தபோது நாற்காலியில் வடை மட்டும் இருந்தது.

ஏஞ்சலின் அந்த நாற்காலியைப் பார்த்தாள். இரண்டு மாசமாக அந்த வழக்கை ஸ்டேஷனில் எல்லாருமே மறந்திருந்தார்கள். அவள் மேடை ஏறிச் சாக்பீஸ் பிடித்து எழுதிக் காட்டி நினைவுபடுத்திவிட்டாள்.

டீ இடைவேளையில் சிங்காரவேலு மனுவைக் கொண்டுவந்து நீட்டினார். மூலையில் சிவப்பு மையில் குறிப்பு.

"முன்கூட்டியே தாக்கல்னு திருப்பியிருக்கேம்மா. நாளைக்குக் கொண்டாங்க."

"நாளைக்குள்ள அவங்க கொடுத்துட்டா?"

"கொடுத்துட்டா கொண்டுவராதீங்க," என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பது வருஷமாக அவர் உண்மையை மட்டுமே பேசி வந்தார். அதனால் அவருக்கு நண்பர்கள் கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் ஏஞ்சலின் கோர்ட்டுக்குப் போனாள். மூன்றாவது கையெழுத்தும் நாலாவது கையெழுத்தும் போயின. வேப்பமரத்தடியில் பட்டம்மாள் நின்றிருந்தாள். கூட அவள் அண்ணன் பன்னீர்செல்வம், ஜாமீன் கொடுக்க நிலப் பட்டாவோடு.

"இன்னிக்கி வுட்டுடுவாங்கல்ல வக்கீலம்மா? வரும்போது போட்டுக்க இந்தாங்க, சட்ட எடுத்தாந்திருக்கறேன்."

ஏஞ்சலின் சொன்னாள். தன் தப்பு என்றும் சொன்னாள். பட்டம்மாள் நெடுநேரம் சட்டையையே மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்திருந்த சட்டை.

"நானும் வெள்ளிக்கிழமன்னுதான எண்ணிக்கினு வந்தேன்," என்றாள் கடைசியில். "அவுரு வேலைக்குப் போனது வெள்ளிக்கிழமதான?"

"திட்டுங்கம்மா. திட்டிடுங்க."

"திட்டுனா வந்துடுவாரா?"

மூவரும் கேட்டைப் பார்த்து நின்றார்கள். காக்கிச் சட்டை எது வந்தாலும் கையில் காகிதக் கட்டு இருக்கிறதா என்று ஏஞ்சலின் பார்த்தாள். தபால்காரர் வந்தார், இருந்தது. மின்வாரிய ஆள் வந்தார், இருந்தது. பள்ளிக்கூடத்துச் சாரணர் பையன்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக ரோட்டில் போனபோது மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

குற்றப்பத்திரிகை வராததற்குக் காரணம் மண்டபத்தில் இருந்தது. அரசு வக்கீல் படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும். அவரோ பிரியாணிக்குப் பிறகு இரண்டாவது வரிசைக்கு மாறி, பயிற்சிப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். எழுநூறு பக்கம் நல்ல தலையணை. ஸ்டேஷனில் குற்றப்பத்திரிகையை எழுதி எடுத்துக்கொண்டு திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் ஒரு தடவை இருமிப் பார்த்தார். இரண்டாம் தடவை பேனாவைக் கீழே போட்டார். மூன்றாம் தடவை மைக்கை எடுத்து, கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய மரியாதைகளை அவர் காதருகில் நின்று முக்கால் மணி நேரம் பேசினார். அரசு வக்கீல் புரண்டு படுத்தார். விழித்துக் கையெழுத்துப் போட்டபோது மணி ஆறு. கோர்ட் ஐந்தே முக்காலுக்கே மூடிவிட்டது.

ஆக, ராத்திரி ஒன்று கழிந்தது. ஆனால் போலீஸ் கையில் குற்றப்பத்திரிகை தயார். நாளைக் காலை கோர்ட் திறந்ததும் யார் முதலில் நீட்டுகிறார்களோ அவர்களுக்கு அய்யாசாமி.

வியாழக்கிழமை காலை பத்துக்கு ஏஞ்சலின் போய் நின்றபோது கோர்ட் அலுவலகத்துக் கதவில் பூட்டு. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த மாணிக்கம்மாள் நிமிர்ந்தாள்.

"எல்லாரும் மண்டபத்துக்குப் போய்ட்டாங்கம்மா. இன்னிக்கி அங்க கோர்ட்டு நாடகமாம். ஐயாதான் ஜட்ஜி வேஷம். கிளார்க்கு, கிளார்க்கு வேஷம். ரப்பர் ஸ்டாம்பெல்லாம் எடுத்துக்கினு போய்ட்டாரு. சாயங்காலம்தான் வருவாங்களாம்."

ஏஞ்சலின் ஸ்கூட்டியை உதைத்தாள். அது செருமியது. மறுபடி உதைத்தாள். செருமக்கூட இல்லை. கூட வந்திருந்த பன்னீர்செல்வமும் பட்டம்மாளும் ஏற்கெனவே மண்டபத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் டி.வி.எஸ். ஐம்பதில் கான்ஸ்டபிள் கிளமென்ட் வந்து இறங்கினார். கோர்ட் வேலைக்கென்று ஸ்டேஷன் ஒதுக்கிய ஆள். ஏஞ்சலினும் அவரும் ஒரே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். அவர் கக்கத்தில் சிவப்பு நாடா போட்ட காகிதக் கட்டு.

"என்ன மேடம், பூட்டிக் கிடக்கு?"

மாணிக்கம்மாள் நாடக விவரத்தை அவருக்கும் சொன்னாள். கிளமென்ட் வண்டியைத் திருப்பினார். ஏஞ்சலின் செத்த ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"மண்டபத்துக்குத்தானே? ஏறுங்க மேடம், விட்டுடறேன்."

வேறு வழி இல்லை. ஏறினாள். கறுப்புக் கோட்டும் காக்கியும் ஒரே மொபெட்டில் போவதைப் பார்த்து வாட்டர் டேங்க் பக்கம் ஒரு மாடு புல் தின்பதை நிறுத்தியது.

"கையில என்ன மேடம்?"

"மனு."

"யாருக்கு?"

"அய்யாசாமிக்கு."

"அட! நம்மகிட்ட இருக்கறதும் அய்யாசாமிக்குத்தான். குற்றப்பத்திரிகை. பாருங்களேன், ரெண்டும் ஒரே வண்டியில போவுது!" என்று மகிழ்ந்துபோனார் கிளமென்ட். பிறகு ஒரு பிளாக் தூரம் வண்டியை மெதுவாக ஓட்டினார். அந்தக் கேபிள், அந்தச் சைக்கிள் எல்லாம் அவருக்குத் தெரியும். சைக்கிளை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனவரே அவர்தான்.

மண்டபத்து வாசலில் இறங்கியதும் அவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டார். ஸ்டாண்ட் சரியில்லை என்று எடுத்து மறுபடி போட்டார். பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம். வேண்டுமென்றே செய்தாரா என்று பின்னால் பலர் கேட்டார்கள். "வண்டி என்னுது இல்லீங்க, மச்சானுது" என்பதுதான் அவர் பதில்.

ஏஞ்சலின் ஓடினாள்.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்," என்று சக்கரபாணி கையைப் பிடித்து அழைத்துப் போனார். மேடையில் மாஜிஸ்திரேட் நீதிபதியாக. பக்கத்தில் மேசையில் சிங்காரவேலு, கோர்ட் முத்திரை, மை ஒற்றி. "நேத்து மத்தியானம் வேஷம் பிரிச்சப்ப நீங்க இல்ல. மிச்சம் இருந்தது ஒண்ணுதான். குற்றம் சாட்டப்பட்டவர்."

இரண்டு தண்ணீர் டிரம்முக்கு நடுவே கயிறு கட்டியதுதான் கூண்டு. அதற்குள் அவளை நிறுத்தினார்கள்.

"ஐயா..."

"குற்றவாளி குறுக்கே பேசக் கூடாது. உங்க வக்கீல் பேசுவார்," என்றார் சக்கரபாணி. அவளுக்கு வக்கீலாக வந்தவர் விருத்தாசலத்துக்காரர். சாய்ந்தபடி எழுந்து, "கட்சிக்காரரிடமிருந்து எனக்கு இன்னும் எந்தத் தகவலும் வரவில்லை" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வாசலில் கிளமென்ட் தெரிந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, கட்டை மார்போடு அணைத்து, செருப்புச் சத்தம் கேட்காமல் வந்து சுவரோரம் நின்றார். மேடையைப் பார்த்தார்.

ஏஞ்சலின் கயிற்றைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"ஐயா, இது நாடகம் இல்ல. நான் குற்றவாளி இல்ல. கடலூர்ச் சிறையில இருக்கிற அய்யாசாமியோட வக்கீல். இன்னிக்கு அறுபத்தொண்ணாம் நாள். ஜாமீன் மனு. வாங்கிக்கணும்."

கடைசி வரிசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கினார். சமையல் கொட்டகையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"பிரமாதம்!" என்றார் சக்கரபாணி.

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "கோர்ட்ல கொடுங்கம்மா."

"கோர்ட் பூட்டியிருக்குங்கய்யா. கோர்ட்ல இருக்க வேண்டிய எல்லாரும் இங்க இருக்கீங்க. முத்திரையும் இங்கதான் இருக்கு."

"இது கல்யாண மண்டபம்."

"அய்யாசாமிய உள்ள அனுப்பினப்ப ஐயா உட்கார்ந்திருந்தது வீட்டு வராந்தாங்க. ராத்திரி ஒன்றரை மணி. வராந்தாவுல உட்கார்ந்து உள்ள அனுப்ப முடியும்னா, மண்டபத்துல உட்கார்ந்து வெளிய விட முடியாதாங்கய்யா?"

லுங்கியைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நடு ராத்திரியில் மாஜிஸ்திரேட் எதைக் கட்டியிருப்பார் என்று முப்பத்தேழு வக்கீல்களும் ஒரே சமயத்தில் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

மாஜிஸ்திரேட் கையை நீட்டினார். சிங்காரவேலு மனுவை வாங்கி, தேதியைத் தன் விரலில் ஒருமுறை எண்ணி, முத்திரையைக் குத்தினார். கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: பதினொன்று பத்து.

"இன்னிக்குச் சரியா இருக்கு," என்றார்.

"நீங்க யாருய்யா, சுவரோரம்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

கிளமென்ட் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். தொப்பி கீழே விழுந்தது. "குற்றப்பத்திரிகை ஐயா. அய்யாசாமி வழக்கு."

"எப்ப வந்தீங்க?"

"மேடம் கூண்டுல நின்னப்பவே வந்துட்டேங்கய்யா. நாடகம் முடியட்டும், அப்புறம் நெஜத்தக் குடுக்கலாம்னு நின்னுக்கினு இருந்தேன்."

அரசு வக்கீல் இரண்டு நாளில் முதல் தடவையாக முழுசாக விழித்தார். "ஐயா! ரெண்டும் ஒரே வண்டியில வந்திருக்கு. வாசல்ல நான் பார்த்தேன். அப்ப ரெண்டும் ஒரே நேரம். மனு முந்தினதுன்னு சொல்ல முடியாது!"

சக்கரபாணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையிலும் அவரால் உருவாக்க முடியவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? அறைக்குள்ள முதல்ல வந்தது எது, கைக்கு முதல்ல வந்தது எது? யார் சொல்றீங்க?"

"உட்காருங்க சார்," என்றார் மாஜிஸ்திரேட். "இது வகுப்பு இல்ல. கோர்ட்."

முப்பத்தேழு வக்கீல்களும் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாஜிஸ்திரேட் எழுதத் தொடங்கினார். ஏஞ்சலின் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அது ஒருமுறை நின்றது. பிறகு நகர்ந்தது.

"ஜாமீன்தாரர்?"

வாசலிலிருந்து பன்னீர்செல்வம் வேர்த்து ஒழுக வந்து பட்டாவை நீட்டினான். சிங்காரவேலு அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த நிலம் எங்கய்யா இருக்கு?"

"சொரங்கத்துக்குள்ளங்க."

"உள்ளன்னா?"

"முந்தி மல்லாட்ட பயிரு போட்டுக்கினு இருந்தமுங்க. இப்ப முந்நூறு அடிக்குக் கீழ போயிடிச்சி. வரப்பு எதுன்னு நான் நின்னு காட்டுவேன், ஆனா நிக்கத்தான் எடம் இல்ல."

ஏஞ்சலினுக்கு அழுகை வந்தது. பட்டாவை வாங்கிப் பார்க்காமல் விட்டது அவள் இரண்டாவது தப்பு. நகரியம் முழுக்கக் கம்பெனி வீடுகள், சொந்த வீட்டு வரி ரசீது கேட்டால் ஒருவரிடமும் இருக்காது. சுற்று வட்டாரத்தில் இருந்த நிலமெல்லாம் சுரங்கப் பள்ளம்.

மாஜிஸ்திரேட் பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஊர்ல எனக்கே சொந்தமா ஒரு செங்கல் கிடையாது," என்று சொல்லிவிட்டு, அய்யாசாமி சொந்தப் பிணையில் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. அதன் பிறகு கிளமென்ட்டின் கட்டை வாங்கி, அதற்கும் நேரம் போட்டார் சிங்காரவேலு.

பட்டம்மாள் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர் அவளைக் கூலிக்கு வந்தவள் என்று நினைத்து உட்கார வைத்திருந்தார். ஏஞ்சலின் போய்ச் சொன்னதும் கையைக் கழுவினாள். கண்ணீர் வெங்காயத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

"கடலூரு பஸ்ஸு எத்தினி மணிக்கிங்க?"

அன்று வந்த பஸ் வடலூரில் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றி, குள்ளஞ்சாவடியில் பாதிக் கூட்டத்தை இறக்கி, மறுபடி ஒரு ஆட்டை ஏற்றிக்கொண்டு போனது. ஆடு டிக்கெட் வாங்கியிருந்தது. சிறைக் கதவு மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது உத்தரவு உள்ளே போனது. அய்யாசாமி வெளியே வந்தான். மடித்துக் கொண்டுவந்த சட்டைக்குள் இன்னும் ஒரு ஆள் நுழையலாம் போலிருந்தது. திரும்பும் பஸ்ஸில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நாளைக்கி எங்கடா இருந்தன்னு கேட்டா இன்னான்னு சொல்றதுங்க? செயில்னு சொன்னா பேரு அடிச்சிடுவாங்க. பொய் சொன்னா அதுக்கு வேற கேஸு."

வடலூர் வரும்வரை ஏஞ்சலின் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு எட்டுக் கையெழுத்தில் இரண்டுதான் இருந்தது. சான்றிதழ் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கான்ட்ராக்ட் ஆபீஸ் வாசலில் நானூறு பேர் வரிசை. அவள் எதிர்ச் சாரியில் டீக்கடையில் நின்று பார்த்தாள். வெயில் ஏறியது. வரிசை நகர்ந்தது. அய்யாசாமி இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு மணிக்கு அவன் முறை வந்தது.

எழுத்தர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "அய்யாசாமி. ரெண்டு மாசமா ஆஜரே இல்லையே. எங்கய்யா போயிருந்த?"

"வெளியூருங்க. கடலூரு."

"வேற கான்ட்ராக்டா?"

"இல்லீங்க. கூட்டிக்கினு போனாங்க."

"சம்பளம் எவ்ளோ?"

"சம்பளம் இல்லீங்க. தங்க எடம் குடுத்தாங்க, சாப்பாடு போட்டாங்க."

எழுத்தர் நிமிர்ந்து, அந்தச் சட்டைக்குள் இருந்த ஆளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"நல்லா ஏமாந்தய்யா நீ," என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். "இங்க போடு."

அய்யாசாமி போட்டான்.